ஆறாப் புண்ணுக்குத் தேன்: ஒரு நெடிய வரலாறு

புண்களில் இரண்டு வகை உண்டு. கத்தி பட்டோ, கல் இடறியோ உண்டாகும் புண் பத்துப் பதினைந்து நாளில் தானே மூடிக்கொள்ளும். இன்னொரு வகைப் புண் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் மூடாமல், சீழ் வடிந்து, நாற்றமெடுத்து, நோயாளியையும் வீட்டாரையும் ஒருங்கே சோர்வடையச் செய்யும். இதனையே நம் முன்னோர் ஆறாப் புண் என்றனர்.

நமது பங்கின் ஜூபிலி மலரில் ஒரு குரு புண்ணைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் இன்று அடிக்கடி காணும் காட்சி, கட்டுப் போட்ட கால். சர்க்கரை வியாதி பெருகிவிட்ட இக்காலத்தில் குதிகாலிலும் பெருவிரலிலும் புண் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பவர்கள் பலர். கட்டை அவிழ்த்துக் காட்டிவிட்டு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சாமி, இதற்குத் தேன் தடவலாமா? பெரியவர்கள் சொல்கிறார்களே!” தேனையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கட்டிக்குப் பற்றுப் போட்ட பாட்டிமார்கள் வாழ்ந்த மண்ணல்லவா இது! கேள்வி நியாயமானதே. நான் வைத்தியன் அல்லன். ஆனால் இக்கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் தேனை எங்கே நம்பலாம், எங்கே நம்பி ஏமாறக்கூடாது என்பது தெளிவாகும்.

எகிப்து நாட்டுச் சுவடி

1862-ம் ஆண்டு எகிப்தின் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பழைய பாப்பிரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதன் பெருமை நெடுங்காலம் உலகிற்குத் தெரியவில்லை. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் என்னும் அறிஞர் அதனை மொழிபெயர்த்து 1930-ல் வெளியிட்டபோதுதான், உலகிலுள்ள மிகப் பழைய அறுவை வைத்திய நூல் அது என்று தெரியவந்தது. கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட பிரதி அது. அதன் மூலம் இன்னும் பல நூற்றாண்டுகள் பழமையானது.

அந்நூலில் 48 நோயாளிகளின் காயங்கள் தலையிலிருந்து தொடங்கி வரிசையாகக் கூறப்படுகின்றன. காயத்தின் மேல் முதல் நாள் பச்சை இறைச்சியை வைத்துக் கட்டவேண்டும்; அதன்பின் கொழுப்பும் தேனும் பஞ்சும் சேர்த்து, காயம்பட்டவர் தேறும்வரை நாள்தோறும் கட்டவேண்டும் என்பது அதில் மீண்டும் மீண்டும் வரும் முறை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காயத்தைப் பரிசோதித்தபின் வைத்தியன் மூன்று தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்லவேண்டும்: இது நான் குணமாக்கக்கூடியது, இது நான் போராடிப் பார்க்கவேண்டியது, இது என்னால் ஆகாதது. மருந்து கையில் இருந்தும் அந்த வைத்தியன் எல்லாப் புண்ணுக்கும் அது போதும் என்று சொல்லவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

இந்தக் கொழுப்பும் தேனும் கலந்த கட்டு வெறும் நம்பிக்கைதானா? நோய்க்குறியியல் அறிஞரான கைடோ மாய்னோ என்பவர், பண்டைக் காலத்தில் புண்கள் ஆற்றப்பட்ட விதம் பற்றி 1975-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். எகிப்தியர் செய்ததைப் போலத் தேனையும் கொழுப்பையும் கலந்து அதில் புண்ணுக்குரிய கிருமிகளை விட்டுச் சோதித்தார். கிருமிகள் பெருகவில்லை, குறைந்துபோயின.

நம் நாட்டிலும் கிரேக்க நாட்டிலும்

நம் பாரத நாட்டில் அறுவை வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் சுசுருதர். அவர் பெயரால் வழங்கும் சம்ஹிதையில் விரணங்களுக்கு, அதாவது புண்களுக்கு, அறுபது வகையான சிகிச்சை முறைகள் கூறப்பட்டுள்ளன. புதிதாய்ப் பட்ட காயத்துக்குத் தேனும் நெய்யும் சேர்த்துக் கட்டுவது அவற்றில் அடங்கும். தேனை எட்டு வகையாகப் பிரித்த அந்நூல், அது புண்ணைச் சுத்தி செய்யும், பிளந்ததைக் கூட்டும், ஆற்றும் என்று அதன் குணங்களைச் சொல்கிறது. நாட்பட்டுக் கெட்டுப்போன புண்ணைத் துஷ்ட விரணம் எனத் தனியாகப் பிரித்து, அதை முதலில் சுத்தி செய்தபின்பே ஆற்றவேண்டும் என்ற வரிசையையும் வகுக்கிறது. இந்த வரிசை இன்றைய ஆஸ்பத்திரியிலும் மாறவில்லை.

கிரேக்கர்களும் அவ்வாறே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிதஸ் என்னும் வைத்தியர் எழுதிய மருந்து நூல் ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கையாளப்பட்டது. ஆத்திக்கா நாட்டின் வெளிர் மஞ்சள் நிறத் தேனே சிறந்தது என்றும், அழுகிக் குழிவிழுந்த புண்களுக்கு அது நல்லது என்றும் அவர் எழுதினார். தேன் ஒன்று மட்டுமல்ல, தேன்கூட்டில் கிடைக்கும் மற்றவையும் அக்காலத்தில் மருந்தாயின. தேனீக்கள் மரங்களின் பிசினைக் கொணர்ந்து மெழுகுடன் சேர்த்துக் கூட்டின் வெடிப்புகளை அடைக்கின்றன. இதற்குப் புரோபோலிஸ் என்று பெயர். ‘நகரத்துக்கு முன்னால்’ என்பது அச்சொல்லின் பொருள். கூட்டின் வாசலைக் காக்கும் மதில் என்று கொள்ளலாம். இது சதைக்குள் தைத்த முள்ளை வெளியே இழுக்கும் என்று தியோஸ்கோரிதஸ் சொல்கிறார். தேன்மெழுகோ களிம்புகளுக்கெல்லாம் தாயாயிற்று. இரண்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வைத்தியரான காலன் என்பவர் மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் பன்னீரையும் கூட்டிச் செய்த களிம்பு, இன்று கடைகளில் விற்கும் முகக் களிம்புகளுக்கு முன்னோடி.

நல்ல சமாரித்தன் உவமையில் காயம்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்பட்டதை நாம் அறிவோம். தேன் அங்கே குறிப்பிடப்படவில்லை. ஆனால் அந்த மூன்றும் மத்தியதரைக் கடல் நாடுகளின் வைத்தியப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை.

மெழுகுதிரியால் வளர்ந்த தேன்

மத்திய காலத்தில் தேனீ வளர்ப்பு ஐரோப்பாவில் பரவியதற்குத் திருச்சபையின் வழிபாடும் ஒரு காரணம். பீடத்தில் எரியும் திரி தேன்மெழுகால் ஆனதாக இருக்கவேண்டும் என்பது பழைய ஒழுங்கு. பாஸ்காத் திருவிழிப்பில் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலத்தில், மெழுகைத் தந்த தேனீ நன்றியோடு நினைக்கப்படுகிறது. ஆகவே துறவற மடங்களில் தேன்கூடுகள் வைத்துக் காக்கப்பட்டன. மெழுகு கோவிலுக்குப் போயிற்று. தேன் சமையலறைக்கும் நோயாளிகள் இருந்த அறைக்கும் போயிற்று. மடத்துக்கு வந்த வழிப்போக்கரும் ஏழைகளும் அந்தத் தேனாலும் மூலிகைகளாலும் கவனிக்கப்பட்டனர். தேனீ வளர்ப்போரின் பாதுகாவலராகப் புனித அம்புரோசியார் வணங்கப்படுவதும் இப்பழமையான உறவுக்குச் சான்று.

இளவரசன் முகத்தில் பாய்ந்த அம்பு

தேன் எவ்வளவு திறமையாகக் கையாளப்பட்டது என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தில் ஒரு சம்பவம் உண்டு. 1403-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி ஷ்ரூஸ்பரி என்னுமிடத்தில் நடந்த போரில், 16 வயது இளவரசன் ஹென்றியின் முகத்தில் அம்பு ஒன்று பாய்ந்தது. அம்பின் தண்டை இழுத்தபோது அது மட்டும் வந்துவிட்டது. இரும்பு முனை ஆறு அங்குல ஆழத்தில் எலும்பில் தங்கிவிட்டது. பல வைத்தியர்கள் முயன்றும் பயனில்லை. இறுதியில் ஜான் பிராட்மோர் என்னும் லண்டன் அறுவை வைத்தியர் அழைக்கப்பட்டார்.

அவர் அவசரப்படவில்லை. எல்டர் என்னும் மரத்தின் நெட்டியைக் காயவைத்துக் குச்சிகளாக்கி, அவற்றைச் சுத்தமான துணியில் சுற்றித் தைத்து, ரோஜாத் தேனில் தோய்த்தார். முதலில் மெல்லிய குச்சி, பிறகு சற்றுத் தடித்தது, பிறகு இன்னும் தடித்தது என்று செலுத்திப் புண்ணின் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினார். அம்புமுனைக்குள் பொருந்தித் திருகினால் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்றைத் தாமே செய்வித்து, அதனால் முனையை வெளியே எடுத்தார். புண்ணை வெள்ளைத் திராட்சை மதுவால் கழுவினார். பின்பு ரொட்டி மாவு, வாற்கோதுமை, தேன், டர்பன்டைன் பிசின் ஆகியவை சேர்ந்த களிம்பைத் திரியில் தடவி உள்ளே வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை திரியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். இருபது நாளில் புண் சுத்தமாயிற்று. அந்த இளவரசனே பின்னர் ஐந்தாம் ஹென்றி என முடிசூடி, 1415-ல் அஜின்கோர்ட் போரில் வென்றவன்.

இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டும். பிராட்மோர் தேனை நம்பினார். ஆனால் அம்புமுனையை உள்ளே விட்டுவிட்டு மேலே தேன் தடவவில்லை. இரும்பை எடுத்த பிறகே புண்ணை ஆறவிட்டார். ஆழத்தில் காரணம் தங்கியிருக்க, மேலே பூசும் மருந்தால் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுத்தமான தேன் வந்த வழி

அக்காலத் தேன் இன்றைய தேனைப் போன்றதன்று. கூட்டை வெட்டி, அடையைப் பிழிந்து எடுத்ததால் புழுவும் மகரந்தமும் மெழுகும் கலந்திருந்தன. 1851-ல் அமெரிக்கப் போதகரான லாங்ஸ்ட்ராத் என்பவர், தேனீக்கள் தங்கள் நடமாட்டத்துக்காக ஒரு குறிப்பிட்ட இடைவெளியை அடைக்காமல் விடுகின்றன என்பதைக் கண்டு, சட்டங்களை எடுத்து எடுத்து வைக்கக்கூடிய தேன்பெட்டியை அமைத்தார். 1865-ல் ருஷ்கா என்பவர் சட்டத்தைச் சுழற்றித் தேனைத் தெறித்து விழச்செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அடை சேதமின்றித் தெளிந்த தேன் கிடைக்கலாயிற்று.

லாங்ஸ்ட்ராத்தின் பெட்டி மேல்நாட்டுத் தேனீக்கு ஏற்றது. நம் நாட்டு அடுக்குத் தேனீயோ சிறியது. நம் தேனீக்கேற்ற சிறிய பெட்டியைத் தென்னிந்தியாவில் அமைத்தவரும் ஒரு குருவே என்பதில் நாம் பெருமைப்படலாம். நியூட்டன் அடிகளார் 1911-க்கும் 1917-க்கும் இடையில் கிராம மக்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சியளித்தார். இன்றும் அப்பெட்டிக்கு ‘நியூட்டன் பெட்டி’ என்றே பெயர். 1924-ல் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி நிலையம் தேனீ வளர்ப்பைக் குமரி மண்ணில் குடும்பத் தொழிலாக்கிற்று.

தேனுக்குள் இருப்பது என்ன?

தேன் கிருமிகளைக் கொல்லும் என்பதை 1892-ல் வான் கெட்டல் என்னும் டச்சுக்காரர் முதலில் எழுதினார். 1919-ல் சாக்கெட் என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். தேனில் சற்றுத் தண்ணீர் கலந்தால் அதன் சக்தி குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று! சர்க்கரை மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடக்காதே. 1937-ல் ஜெர்மானிய ஆய்வாளர் டோல்டும் அவருடைய கூட்டாளிகளும் அறியப்படாத இப்பொருளுக்கு ‘இன்ஹிபின்’ என்று பெயரிட்டார்கள். 1963-ல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த வைட் என்பவரும் உடனிருந்தோரும் புதிரை விடுவித்தனர்: அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு.

இதன் வேலை எப்படியென்று எளிய முறையில் சொல்கிறேன். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊறுகாயில் உப்பு செய்வதைப் போல் இது கிருமியிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். இரண்டாவது, தேன் புளிப்புத் தன்மையுள்ளது; பல கிருமிகளுக்கு அது ஆகாது. மூன்றாவது, தேனீயின் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு நொதி தேனில் சேர்கிறது. புண்ணின் நீர் பட்டுத் தேன் இளகும்போது அந்நொதி விழித்துக்கொண்டு, ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. சீசாவிலிருந்து ஊற்றும் பெராக்ஸைடு நல்ல சதையையும் பொசுக்கும். தேன் தரும் மிகக் குறைந்த அளவு அவ்வாறு வருத்துவதில்லை. தேனைக் காய்ச்சினாலோ வெயிலில் வைத்தாலோ இந்நொதி அழியும். நான்காவது, தேன் புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைப்பதே நல்லது என்று நாம் எண்ணியிருந்தோம். 1962-ல் ஜார்ஜ் வின்ட்டர் என்பவர் பன்றிகளிடம் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட புண்ணில் தோல் விரைவாக வளர்வதைக் காட்டினார்.

ஒதுக்கப்பட்டதும் திரும்பி வந்ததும்

இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் ஆஸ்பத்திரிகளில் தேன் மறக்கப்பட்டது. காரணம் பெனிசிலின். 1928-ல் பிளெமிங் கண்டறிந்த அம்மருந்து 1940-களில் உலகெங்கும் பரவியபின், புண்ணுக்குத் தேனா என்று வைத்தியர்கள் சிரித்தார்கள். 1976-ல் அமெரிக்க வைத்திய இதழ் ஒன்றின் தலையங்கம், தேனைப் பயனுமில்லாத தீங்குமில்லாத பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டது.

ஆனால் கிருமிகள் சும்மாயிருக்கவில்லை. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளுக்காக மெத்திசிலின் என்னும் மருந்து வந்த அடுத்த ஆண்டே, 1961-ல், அதற்கும் அடங்காத கிருமிகள் இங்கிலாந்தில் காணப்பட்டன. புதிய மருந்துகள் தோற்கத் தோற்க, பழைய மருந்தின் பக்கம் சிலர் திரும்பிப் பார்த்தனர்.

நைஜீரியாவின் கலபார் நகரில் எஃபெம் என்னும் அறுவை வைத்தியர் 1988-ல் தம் அனுபவத்தை வெளியிட்டார். ஆறாத புண்ணுடன் வந்த 59 பேருக்குத் தேன் கட்டினார். இவர்களில் 47 பேர் ஒரு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள்வரை மற்ற மருந்துகளால் வைத்தியம் செய்தும் குணமாகாதவர்கள். தேன் வைத்த பின் அழுகிய சதை வலியின்றிக் கழன்றது, நாற்றம் நீங்கிற்று, கிருமி இருந்த புண்கள் ஒரு வாரத்தில் கிருமியற்றவையாயின. 58 பேருக்குப் பலன் கிடைத்தது. பலன் கிடைக்காத ஒருவருக்கு இருந்தது புரூலிப் புண் என்னும் வேறு வகைத் தொற்று. அங்கேயும் பாருங்கள், காரணம் வேறானபோது தேன் தோற்றது.

நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலத்துச் சோலாப்பூரில் சுப்ரமணியம் என்னும் அறுவை வைத்தியர் 1991-ல் தீக்காயம் பட்ட 104 பேரைப் பற்றி எழுதினார். பாதிப் பேருக்குத் தேன். பாதிப் பேருக்கு வழக்கமான வெள்ளிக் களிம்பு. ஏழு நாளில் தேன் கட்டியவர்களில் 91 சதவீதம் பேரின் காயம் கிருமியற்றதாயிற்று. மற்றவர்களில் 7 சதவீதமே. பதினைந்து நாளில் தேன் கட்டியவர்களில் 87 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 10 சதவீதம் பேருக்கும் காயம் ஆறிற்று. தீக்காயம் ஆறாப் புண் அன்று. எனினும் இம்முடிவு உலக வைத்தியர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது.

நியூசிலாந்து சொன்ன உண்மை

நியூசிலாந்தில் மனூக்கா என்னும் புதர்ச்செடியின் பூவிலிருந்து வரும் தேன், பெராக்ஸைடு இல்லாமலே கிருமியைத் தடுப்பதை வைக்காட்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் மோலன் 1980-களிலிருந்து ஆராய்ந்து நிலைநாட்டினார். அதற்குக் காரணமான பொருள் மெத்தில்கிளையாக்ஸால் என்று 2008-ல் தெரியவந்தது. 2007-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தேன் தோய்த்த கட்டுகளை விற்க அனுமதித்தது. வெற்றிமுரசு கொட்டவேண்டிய நேரம்தான்.

ஆனால் அதே நியூசிலாந்தில், அதே 2008-ல், வேறொரு பெரிய சோதனையின் முடிவும் வெளிவந்தது. கால் நரம்பில் இரத்தம் தேங்கி உண்டாகும் ஆறாப் புண்ணுடையோர் 368 பேர். எல்லாருக்கும் காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் கட்டு. அதனடியில் சிலருக்குத் தேன், மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து. பன்னிரண்டு வாரத்தில் தேன் பிரிவில் 187 பேரில் 104 பேருக்கும், மற்றப் பிரிவில் 181 பேரில் 90 பேருக்கும் புண் ஆறிற்று. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று கணக்கிட்டார்கள். தேன் வைத்தவர்களுக்கு எரிச்சலும் வலியும் கூடுதலாக இருந்தன. அந்தப் புண்களில் பெரிய வேலையைச் செய்தது அழுத்தக் கட்டே.

2015-ல் கோக்ரேன் நிறுவனம் 26 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 3011 நோயாளிகளையும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு முடிவு கூறிற்று. ஆழமில்லாத தீக்காயம் தேனால் சில நாள் முன்னதாக ஆறுகிறது. அறுவைக்குப்பின் சீழ்பிடித்த காயத்துக்கும் பலன் உண்டு. கால் நரம்புப் புண்ணுக்குத் தனிப் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. நோயாளிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அடங்கியிருக்கிறது.

கூட்டின் மற்றப் பொருள்களையும் இப்படியே காணவேண்டும். தேன்மெழுகு கலந்த மெழுகுக் கலவையால் எலும்பில் வடியும் இரத்தத்தை நிறுத்தும் முறையை 1892-ல் விக்டர் ஹார்ஸ்லி என்பவர் கொண்டுவந்தார். அது இன்றும் அறுவை அறைகளில் உண்டு. புரோபோலிஸோ சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே திறந்த புண்ணில் அதை நாமாகவே பூசுவது சரியன்று.

வேலூர் கற்பித்த பாடம்

பாதப் புண் ஏன் ஆறுவதில்லை? இதற்குப் பதில் நம் தமிழகத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியரின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுகிறது என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தனர். அவர் கூர்ந்து நோக்கினார். அவர்களுடைய சதையில் கோளாறில்லை, உணர்ச்சிதான் செத்திருந்தது. காலில் புண் இருந்தால் நாம் நொண்டுகிறோம். அந்த வலியே நமக்குக் காவல். அவர்களோ வலி தெரியாமல் புண்ணின் மேலேயே நாள் முழுதும் நடந்தார்கள். ஒவ்வோர் அடியிலும் புண் நசுங்கிற்று. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரவச்செய்து ஓய்வு கொடுத்தபோது, எத்தனையோ களிம்புகளுக்கு அடங்காத புண்கள் சில வாரங்களில் மூடிக்கொண்டன. பின்பு மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு அவற்றைக் காத்தது.

1966-ல் அவர் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதமும் இதே கதைதான் என்பதைக் கண்டார். சர்க்கரை வியாதியும் பாதத்தின் உணர்ச்சியைக் கொல்கிறது. வேலூரில் ஏழைத் தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம், இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது.

நம் பங்கு மக்களுக்கு

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தேன் நல்ல மருந்து. கிருமியைத் தடுக்கும், நாற்றத்தைப் போக்கும், அழுகிய சதையைக் கழற்றும். ஆனால் புண்ணை ஆறவிடாமல் தடுக்கும் காரணத்தை அது நீக்காது. அம்புமுனையை பிராட்மோர் எடுக்கவேண்டியிருந்தது. தேங்கிய இரத்தத்தை அழுத்தக் கட்டு ஏற்றவேண்டியிருந்தது. பாதத்தின் பாரத்தை பிராண்ட் இறக்கவேண்டியிருந்தது. காரணம் நீங்கிய பிறகே மேல்மருந்து வேலை செய்யும்.

ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களோ மூன்று நாள்கூடக் காத்திருக்கவேண்டாம். இரத்த ஓட்டம் குறைவா, எலும்புவரை சீழ் சென்றுள்ளதா, சர்க்கரை அடங்கியிருக்கிறதா என்பதைத் தேன் சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். பல ஆண்டாக இருக்கும் பழம்புண் சில வேளை புற்றாக மாறுவதும் உண்டு. “வலிக்கவில்லையே சாமி” என்று ஆறுதல் அடையாதீர்கள். வலிக்காத புண்ணே அபாயமானது. பெருவிரலில் தொடங்கியதைத் தேனும் தழையும் வைத்துக் கட்டி நாளைக் கடத்தி, முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் எவரும் கவனமற்றவர்கள் அல்லர். நாள்தோறும் கட்டை மாற்றியவர்கள்தாம். மருந்து கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையே அவர்களைத் தாமதிக்கச் செய்தது.

தேன் கட்டலாம் என்று வைத்தியர் சொன்னால், புண்ணுக்கென்றே தயாரித்த தேனைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தேனில் சில கிருமிகளின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். அதனாலேயே ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். புண்ணுக்கான தேனைக் காமாக் கதிரால் சுத்திகரிக்கிறார்கள். அதனால் வித்துகள் அழியும், தேனின் சக்தி அழியாது. கடைத்தேனில் இன்னொரு கோளாறும் உண்டு. 2020-ல் தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் நடத்திய ஆய்வில் பல தேன் வகைகளில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பது தெரியவந்தது. பலகாரத்துக்கு வாங்கிய சீசாவைப் புண்ணுக்கு எடுக்கவேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியவை எளியவை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இரவு படுக்குமுன் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். நேர்ச்சையாகத் தேரின் பின்னால் வெறுங்காலில் வருவோர் நம்மில் உண்டு. உணர்ச்சி குறைந்த பாதமுடையவர்கள் அதை விட்டுச் செருப்புடன் வாருங்கள், ஆண்டவர் ஏற்றுக்கொள்வார். சுடுமணலும் கண்ணாடித் துண்டும் நேர்ச்சையை அறியமாட்டா.

அன்பார்ந்த பங்கு மக்களே, எகிப்து நாட்டு வைத்தியனின் மூன்று தீர்ப்புகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். இது குணமாக்கக்கூடியது, இது போராடவேண்டியது, இது நம்மால் ஆகாதது. இத்தீர்ப்பைச் சொல்லக் கற்றவர் ஒருவர் கட்டை அவிழ்த்துப் பார்க்கவேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஆறாப் புண்ணோடு ஒருவர் இருந்தால், ஒரு சீசாத் தேனோடு அவரைச் சந்திப்பது அன்புதான். அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, வரிசையில் உடனிருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதனினும் பெரிய அன்பு. சமாரித்தனும் எண்ணெய் வார்த்ததோடு நின்றுவிடவில்லை. தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டு சென்றான். இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கில் ஒருவருடைய காலாவது இவ்விதம் காப்பாற்றப்படுமானால், இம்மலருக்கு அதுவே போதிய பலன்.

— பங்குத்தந்தை